யாருடைய விருப்பம்?

தூத்துக்குடி மாவட்டத்தில் படிவம், சுற்றறிக்கை, அறிவிப்புப் பலகை, செல்பேசிச் செயலி ஆகியவற்றுக்குத் தமிழ் எழுதித் தருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்



பொங்கல் கட்டாய விடுமுறையா, விருப்ப விடுமுறையா? தூத்துக்குடியில் இப்படிக் கேட்டால் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆனால் மத்திய அரசு ஆண்டுதோறும் வெளியிடும் விடுமுறைச் சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்தால் கேள்வி அவ்வளவு வேடிக்கையாக இருக்காது. டெல்லிக்கு வெளியே இருக்கும் அலுவலகங்களுக்கு 14 விடுமுறைகள் கட்டாயம். அதன்கீழ், விருப்ப விடுமுறை என்ற பேரில், 12 இனங்கள் கொண்ட இன்னொரு பட்டியல். அதிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பொங்கல் இருப்பது இந்த இரண்டாவது பட்டியலில், ஓணம், ஹோலி, விநாயகர் சதுர்த்தியோடு.

தேர்ந்தெடுப்பது யார்? கோப்பு பார்க்கும் ஊழியர் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். மாநிலத் தலைநகரில் கூடும் மத்திய அரசு ஊழியர் நல ஒருங்கிணைப்புக் குழுதான் மூன்றையும் முடிவு செய்கிறது. அதே சுற்றறிக்கையில் 'வரையறுக்கப்பட்ட விடுமுறை' என்று ஒரு நீண்ட பட்டியலும் உண்டு. அலுவலகத்தில் அதை ஆர்.எச். என்பார்கள். அதிலிருந்து எந்த இரண்டை எடுப்பது என்பதை ஊழியரே முடிவு செய்துகொள்ளலாம். ஆக, விருப்பம் என்று பேர் வைத்த இடத்தில் ஊழியருக்கு விருப்பம் கிடையாது. வரையறை என்று பேர் வைத்த இடத்தில் இருக்கிறது.

இந்தக் குழப்பம் டெல்லியில் பிறந்ததுதான்; அதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் மடல் உங்களுக்கு வருவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலப் படிவத்தில் 'ஆப்ஷனல்' என்று எதைக் கண்டாலும் 'விருப்பம்', 'விருப்பத் தேர்வு', 'விருப்பத்திற்குட்பட்டது' என்று ஒரே வார்ப்பில் ஊற்றித் தருகிறீர்கள். விருப்பம் நல்ல சொல். ஆனால் அது ஒரு ஆளைத் தேடும் சொல். விருப்பம் என்றால் யாரோ ஒருவர் விரும்ப வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதைப் பல படிவங்கள் சொல்வதில்லை.

வழக்கில் நிலைத்துவிட்ட சில தொடர்களைப் பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு அட்டவணையில் 'விருப்ப மொழிப்பாடம்' என்று ஒரு நாள் வரும். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர் தம் மொழியை எழுதும் நாள் அது. மற்றவர்களுக்கு வீட்டில் இருக்கலாம். இங்கே விருப்பம் என்றால் எழுதாமலும் விடலாம் என்று பொருள். குடிமைப் பணித் தேர்வின் 'விருப்பப் பாடம்' அப்படிப்பட்டதல்ல. 2013 முதல் ஒரே ஒரு விருப்பப் பாடம். இரண்டு தாள், தாளுக்கு 250 மதிப்பெண், மொத்தம் 500. தமிழ் இலக்கியத்தை எடுக்கலாம், புவியியலை எடுக்கலாம், ஒன்றும் எடுக்காமல் மட்டும் இருக்க முடியாது. கோவில்பட்டியிலோ திருச்செந்தூரிலோ முதல்முறை விண்ணப்பம் நிரப்பும் பட்டதாரிக்கு இந்த இரண்டு விருப்பத்துக்கும் உள்ள தூரத்தை யார் சொல்வது?

'விருப்ப ஓய்வு' இன்னொரு ரகம். பி.எஸ்.என்.எல். 2019இல் அறிவித்த திட்டத்தில், 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000க்கும் மேற்பட்டவர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். விண்ணப்பம் கொடுப்பது ஊழியரின் விருப்பம். அதை ஏற்பது நிர்வாகத்தின் உரிமை. இரண்டு பக்கமும் கை நீண்டால்தான் நடக்கும் ஒன்றை ஒருபக்கத்து விருப்பமாகப் பெயரிட்டிருக்கிறோம். 'கட்டாய ஓய்வு' என்று எதிர்ச்சொல் ஒன்று ஏற்கெனவே இருந்ததால் அதற்கு எதிராக இதை நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

'விருப்பத் தேர்வு' பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் தேர்வு என்றால் முதலில் நினைவுக்கு வருவது பரீட்சை. அதனால் பள்ளிக்கூடச் சுவரில் 'விருப்பத் தேர்வு' என்று ஒட்டினால், எழுதினாலும் சரி எழுதாவிட்டாலும் சரி என்ற ஒரு பரீட்சை நடக்கப் போகிறது என்று பிள்ளைகள் நினைக்க எல்லா நியாயமும் உண்டு. மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில் இந்தச் சிக்கல் இல்லை. இலங்கைத் தமிழர் பரீட்சையைப் பரீட்சை என்றே சொல்லி, தேர்ந்தெடுப்பதற்குத் 'தெரிவு' என்ற சொல்லைத் தனியே வைத்துக்கொண்டார்கள். அவர்கள் தேர்தலில் 'விருப்பு வாக்கு' என்றும் ஒன்று உண்டு: கட்சிக்கு வாக்களித்த பிறகு, அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் பிடித்தவர்களுக்குத் தனியாகக் குறியிடுவது. அங்கே விரும்புபவர் யார் என்பதில் ஐயமே எழாது. வாக்குச் சீட்டு அவர் கையில் இருக்கிறது.

தமிழுக்கு இந்தக் கருத்து புதிதா? கிடையாது. இலக்கணக்காரர்கள் இதை மிக நுணுக்கமாகவே யோசித்திருக்கிறார்கள். 'உறழ்ச்சி' என்பது அவர்கள் வைத்த பெயர். இப்படியும் வரலாம், அப்படியும் வரலாம், இரண்டும் சரி என்றால் அது உறழ்ச்சி. தொல்காப்பியத்திலேயே உறழ்தல் பேசப்படுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரும் அதே சொல்லை எடுத்தாள்கிறார். இந்தக் கரைக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டே கையில் இருக்கிறது. கடலும் கரையும் சேர்ந்தால் கடற்கரை. வேற்றுமைப் புணர்ச்சி என்பதால் இங்கே லகரம் றகரமாகியே தீர வேண்டும். இலக்கணப்படி வேறு வழியில்லை. ஆனால் 'கடல் பெரிது' என்று எழுவாயும் பயனிலையுமாக வந்தால் அது அல்வழி. அப்போது 'கடல் பெரிது' என்றும் சொல்லலாம், 'கடற்பெரிது' என்றும் சொல்லலாம். பின்னதை இன்று யாரும் எழுதுவதில்லை. எழுதினால் தமிழாசிரியர் சிவப்பு மையால் அடிக்கவும் முடியாது.

கவனியுங்கள்: உறழ்ச்சியில் யாருடைய ஆசையும் பேசப்படவில்லை. எழுதுகிறவன் விரும்புகிறான், அதனால் விடுகிறோம் என்ற தோரணையே இல்லை. மொழி இரண்டு வடிவத்தையும் ஏற்கிறது என்று மட்டும் சொல்கிறது. படிவத்தில் தேதியை எழுத்தாலோ எண்ணாலோ எழுதலாம் என்று வரும் இடமெல்லாம் இந்த வகை. அங்கே போய் 'விருப்பத்திற்குட்பட்டது' என்று எழுதினால், தேதியையே விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று ஒருவர் படித்துக்கொண்டால் தவறு அவருடையதல்ல.

உறழ்ச்சிக்கு 'விகற்பம்' என்றும் ஒரு பெயர் உண்டு, வடமொழியிலிருந்து வந்தது. இன்று அதன் கதியைப் பாருங்கள். வெண்பாவில் ஒரு விகற்பம், இரு விகற்பம் என்று எதுகையை எண்ணும் புலவர்களிடம் அது ஒதுங்கிக்கொண்டது. ஊர்ப் பேச்சில் 'நான் சொன்னதை விகற்பமாக எடுத்துக்காதீங்க' என்றால் தப்பர்த்தம் கொள்ளாதே என்று பொருளாகிவிட்டது. இப்படியும் பொருள் கொள்ளலாம் என்ற சுதந்திரம் கடைசியில் மனவருத்தத்தில் போய் முடிந்திருக்கிறது. 'ஐச்சிகம்' என்று இன்னொரு வடசொல்லும் இருந்தது. இன்றைய மாணவரிடம் 'ஐச்சிகப் பாடம்' என்றால் ஏதோ வைத்தியம் என்று நினைப்பார். இந்தச் சொற்களைத் தூசி தட்டி எடுத்துப் படிவத்தில் போடச் சொல்லி இந்த மடல் வரவில்லை. உறழ்ச்சி என்று பயிர்க்கடன் படிவத்தில் எழுதினால் வங்கி மேலாளரே மயங்கி விழுவார். பழையவர்கள் எதைப் பிரித்துப் பார்த்தார்கள் என்பதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிரித்துப் பார்ப்பதில் இந்தக் கடற்கரைக்கே நீண்ட அனுபவம் உண்டு. முத்துக்குளித்தலைப் பற்றி எழுதுகிறவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்குவதையும் மூச்சடக்குவதையும் விரிவாக எழுதுவார்கள். கரைக்கு வந்த பிறகு நடந்த பங்கீட்டைச் சற்றே கடந்துபோய்விடுவார்கள். உண்மையில் பெரிய சாமர்த்தியம் அங்கேதான் இருந்தது. இலங்கையின் மரிச்சுக்கட்டிக் கரையில் 1905இல் நடந்த குளிப்பு பேர் போனது. அந்த ஒரு பருவத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. தூத்துக்குடி, கீழக்கரைக் குளியாளிகள் இப்படிப்பட்ட பருவங்களுக்குக் கடல் கடந்து போவது வழக்கம். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு படகுக்கு. பொறாமைக்கும் திருட்டுக்கும் வழியுள்ள கணக்கு இது. சிப்பிக்குள் என்ன இருக்கிறது என்பது திறக்கும்வரை ஒருவருக்கும் தெரியாது.

அதனால் பங்கீட்டை இரண்டாக உடைத்தார்கள். 'கொட்டு' எனப்படும் வேலியடைப்புக்குள் சிப்பிகளைக் கொண்டுபோய் மூன்று குவியலாகப் பிரிப்பது படகுக்காரர்களின் வேலை. எந்தக் குவியல் படகுக்கு, எவை அரசுக்கு என்று கைகாட்டுவது அதிகாரியின் வேலை. பிரிக்கிறவருக்கு எடுக்கும் உரிமை இல்லை. எடுக்கிறவருக்குப் பிரிக்கும் உரிமை இல்லை. அண்ணன் தம்பிக்கு மிட்டாய் பங்கு வைக்கும் வீட்டில் தாய்மார் செய்யும் அதே தந்திரம்தான். மூன்றையும் சமமாக வைக்காவிட்டால் நட்டம் தனக்கே என்று தெரிவதால் படகுக்காரர் ஒழுங்காகப் பிரித்தார். தேர்ந்தெடுக்கும் உரிமை எங்கே இருக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்ததால் தராசுக்குக்கூடத் தேவை இருக்கவில்லை.

அரசின் பங்கு மாலையில் ஏலத்துக்கு வரும். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று விலை கேட்பார்கள். ஏலம் எடுத்தவர் அந்த ஓராயிரத்தோடு நிற்க வேண்டியதில்லை. அதே விலையில் மேலும் சில ஆயிரங்களையும் எடுத்துக்கொள்ளலாம். எடுக்காமலும் இருக்கலாம். இது வாங்குபவர் கையில் இருந்த விருப்பம். அந்த உரிமைக்கும் சேர்த்துத்தான் செட்டியாரும் மரைக்காயரும் மனத்துக்குள் விலை போட்டிருப்பார்கள். இன்றைக்குப் பங்குச் சந்தையில் 'ஆப்ஷன்' என்று விற்கிறார்களே, அதன் தாத்தாவை அங்கே பார்க்கலாம். இந்தியக் கரையில் தூத்துக்குடிப் பார்களில், அதாவது சிப்பி படியும் கடலடித் திட்டுகளில், கடைசியாக நடந்த முத்துக்குளிப்பு வரிசை 1955இல் தொடங்கி 1961இல் முடிந்தது. அதன்பின் குளிக்கும் அளவுக்குச் சிப்பி சேரவில்லை. திரேஸ்புரத்தில் சங்குகுளி மட்டும் மிச்சமிருக்கிறது.

பாருக்குப் பதிலாக இப்போது கப்பல். 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011இல் வ.உ.சிதம்பரனாரின் பெயர் சூட்டப்பட்ட துறைமுகத்துக்குள் வரும் சரக்கில் நிலக்கரிக்குப் பெரிய இடம் உண்டு. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் ஐந்து அலகுகளும், 210 மெகாவாட் வீதம், கரியைத் தின்று ஓடுபவைதான். இப்படி மொத்தச் சரக்கு ஏற்றும் கப்பலை வாடகைக்குப் பேசும் ஒப்பந்தத்துக்குச் சார்ட்டர்பார்ட்டி என்று பெயர். அதில் சரக்கின் அளவை எழுதும் இடத்தில் ஒரு சிறு தொடர் வரும்: இத்தனை டன், 10 சதவீதம் கூடவோ குறையவோ, கப்பல் உடைமையாளர் விருப்பப்படி. அல்லது, வாடகைக்கு எடுத்தவர் விருப்பப்படி.

இந்தக் கடைசி இரண்டு சொல்லில் பெரும் பணம் இருக்கிறது. 50,000 டன் என்று பேசிய சரக்கு 45,000 ஆகவும் இருக்கலாம், 55,000 ஆகவும் இருக்கலாம். இடைவெளி 10,000 டன். கப்பலில் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு தண்ணீர் நிரம்பியிருக்கிறது, ஏற்றும் துறையில் எவ்வளவு ஆழம் என்பதையெல்லாம் பார்த்துத்தான் எத்தனை டன் ஏற்றலாம் என்று கப்பல் தலைவர் சொல்ல முடியும். அந்த நியாயத்தால் உடைமையாளர் விருப்பம் என்று எழுதுவார்கள். ஆனால் கரியின் விலை நாளுக்கு நாள் ஆடும் காலத்தில் அந்த உரிமையைத் தன் கையில் வைத்துக்கொள்ள வாங்குபவர் முயல்வார். விருப்பம் யாருடையது என்று எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட எந்த முகவரும் துணிய மாட்டார். எழுதாவிட்டால் விவகாரம் லண்டனிலோ சிங்கப்பூரிலோ நடுவர் முன் போய் நிற்கும்.

இறங்குதுறையை முடிவு செய்யாமலே ஏற்றும் சரக்கும் உண்டு. கொழும்பா, தூத்துக்குடியா, கொச்சியா என்பதைச் சரக்குக்காரர் பிறகு சொல்லலாம். கப்பல்காரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் சரக்குச் சீட்டு வாசகத்தில் இதற்கு ஒரு கெடு இருக்கிறது: முதல் துறைக்குக் கப்பல் வந்துசேர 48 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால்? கப்பல்காரர் தமக்கு வசதியான துறையில் இறக்கிவிடலாம். பாருங்கள், சிறிய ஒரு பத்திக்குள் எல்லாம் இருக்கிறது. விருப்பம் யாருக்கு, எதுவரை, வாயைத் திறக்காவிட்டால் அந்த விருப்பம் யார் கைக்குப் போகும்.

கோடி ரூபாய்ச் சரக்குக்குக் கிடைக்கும் இந்தத் தெளிவு, புதூரில் உளுந்து விதைக்கும் சம்சாரிக்குக் கிடைக்கிறதா?

மாவட்டம் என்றால் கடல் மட்டும் கிடையாதே. விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் பக்கம் கரிசல் காடு. 2016இல் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது பயிர்க்கடன் வாங்கியவர்களுக்குக் காப்பீடு கட்டாயம். 2020 காரீப் பருவத்திலிருந்து எல்லாருக்கும் அது விருப்பம் என்று மாற்றினார்கள். செய்தித்தாள்களும் அப்படியே போட்டன. நிபந்தனையோ வேறுவிதம். கடன் வாங்கியவர் தமக்குக் காப்பீடு வேண்டாம் என்றால், சேர்வதற்கான கடைசி நாளுக்கு ஏழு நாள் முன்பே வங்கியில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதிக் கொடுக்காதவர் கணக்கில் பிரீமியம் பிடிக்கப்படும்.

இந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ராபிப் பருவத்துக்கு ஒன்றரை சதவீதம், காரீப் பருவத்துக்கு இரண்டு சதவீதம் என்ற விவசாயியின் பங்கு, மானாவாரிக் காட்டில் மழை பொய்க்கும் ஆண்டை நினைத்தால் பெரிய தொகையாகத் தோன்றாது. சேர்வதே புத்தி என்று சொல்ல நியாயம் இருக்கிறது. பிரச்சினை சொல்லில். கடன் வாங்காத விவசாயிக்கு இது 'விரும்பினால் சேரலாம்'. கடன் வாங்கியவருக்கு 'விரும்பாவிட்டால் விலகலாம்'. இரண்டையும் 'விருப்பத்தின் பேரில்' என்ற ஒரே தொடருக்குள் மூட்டை கட்டினால், வாய் திறக்காத மனிதரிடம் பணம் பிடிப்பதும் அவர் விருப்பத்தின் பேரில்தான் என்றாகிவிடுகிறது.

வாக்காளர் பட்டியலில் ஆதாரை இணைக்கும் படிவம் 6பி இதையும் தாண்டியது. 2022இல் வந்த படிவம். ஆதார் தருவது கட்டாயமில்லை என்று அரசு சொன்னது. படிவத்தில் இருந்த வழிகளோ இரண்டே: ஆதார் எண்ணைத் தருவது, அல்லது தன்னிடம் ஆதார் இல்லாததால் தர இயலவில்லை என்று குறியிட்டு வேறொரு ஆவணத்தைத் தருவது. ஆதார் இருக்கிறது, தர விருப்பமில்லை என்பவருக்குக் கட்டமே இல்லை. உண்மை பேசுகிறவர் குறியிட இடமில்லாத விருப்பம்! வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2023 செப்டம்பரில் தேர்தல் ஆணையம், ஆதார் எண் கட்டாயமில்லை என்றும், படிவங்களில் இதைத் தெளிவாக்கும் மாற்றங்களைச் செய்ய யோசித்துவருவதாகவும் நீதிமன்றத்தில் சொன்னது. அந்தப் படிவத்தை எந்த மொழிபெயர்ப்பாளராலும் காப்பாற்றியிருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் தமிழாக்கம் செய்ய உட்கார்ந்தவர், 'இது யாருக்கு விருப்பம்?' என்று ஒரு குறிப்பெழுதி மேலே அனுப்பியிருக்கலாம். மூலத்தின் ஓட்டை முதலில் தெரிவது மொழிபெயர்ப்பவருக்குத்தான்.

பேச்சுத் தமிழ் இதில் படிவத் தமிழைவிட வெகு கெட்டிக்காரத்தனமானது. 'வேணும்னா போட்டுக்கோங்க அண்ணாச்சி' என்று சொன்னால் போடாமல் விடலாம் என்று யாருக்கும் விளங்கும். 'ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க' என்றால் ஒன்றும் வேண்டாம் என்ற பதில் எடுபடாது என்றும் விளங்கும். 'உங்க இஷ்டம்' என்பது மட்டும் ஆபத்தானது. கடையில் சொன்னால் முழுச் சுதந்திரம். வீட்டில், கொஞ்சம் இழுத்து, 'உங்க இஷ்டம்' என்று வந்தால், அதைச் செய்யாமல் இருப்பதே உடம்புக்கு நல்லது.

'வேண்டும்' என்ற சொல்லே இரட்டைப் பிறவி. 'எனக்கு வேண்டும்' என்றால் ஆசை. 'நீ வர வேண்டும்' என்றால் கட்டளை. அதனால்தான் 'வேண்டுமானால்' என்று படிவத்தில் எழுதும்போது, விரும்பினாலா, தேவைப்பட்டாலா என்ற ஐயம் ஒட்டிக்கொள்கிறது. 'தேவைப்பட்டால் கூடுதல் தாள் இணைக்கவும்' என்பதில் முடிவு செய்வது எழுதும் விஷயத்தின் நீளம். 'தேவைப்பட்டால் அசல் ஆவணத்தைக் காட்டவும்' என்பதில் முடிவு செய்வது அதிகாரி. ஒரே 'தேவைப்பட்டால்', இரண்டு எசமானர்கள்.

'-லாம்' விகுதியும் இப்படித்தான். 'தவணையில் செலுத்தலாம்' என்பது செலுத்துபவருக்குக் கொடுத்த வழி. 'கட்டணம் மாறலாம்' என்பது வரப்போகும் தொல்லைக்கு முன்னெச்சரிக்கை. 'விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்' என்பதில் உரிமை முழுக்க மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு. செயப்பாட்டு வினையில் எழுதும்போது ஆள் மறைந்துவிடுகிறார். 'அலுவலர் நிராகரிக்கலாம்' என்று ஆளைப் போட்டு எழுதிப் பாருங்கள். வாசகம் கொஞ்சம் முரடாகத் தெரியும், ஆனால் உண்மையாக இருக்கும்.

இதற்கெல்லாம் நடுவே, கட்டாயத்திலும் விருப்பத்திலும் அடங்காத ஒரு பெரிய நிலப்பரப்பு இந்த ஊரில் உண்டு. அதற்கு வழக்கம் என்று பெயர். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குள் போகக் கூடாது என்பது அரசாணை. கத்தோலிக்கக் கடற்கரைக் குப்பங்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதற்கு அரசாணை கிடையாது. போகலாமா என்று கேட்டால் போகலாம். ஆனால் பொதுவாகப் போகமாட்டார்கள். ஆகஸ்ட் 5ஆம் தேதி பனிமய மாதா திருவிழாவும் ஒருகாலத்தில் இப்படியே ஊர் தானாகக் கடையடைத்த நாளாகத்தான் இருந்திருக்கும். இப்போது மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிக்கிறார். அந்த அறிவிப்பின் அடியில், 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின்கீழ் இது பொது விடுமுறை அல்ல என்றும், ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாள் என்றும் மறக்காமல் சேர்த்துவிடுவார்கள். விடுமுறை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை, அதற்கு விலை என்ன என்பதெல்லாம் அந்தச் சில வரிகளில் வந்துவிடுகின்றன. அரசுத் தமிழுக்குத் தெளிவாக எழுதத் தெரியாது என்ற குற்றச்சாட்டுக்கு இந்த ஓர் அறிவிப்பே பதில். மனம் வைத்தால் முடிகிறது.

ஆகவே அன்பர்களே, புதிய கலைச்சொல் எதையும் உங்களிடம் கேட்கவில்லை. 'ஆப்ஷனல்' என்று ஆங்கிலத்தில் வரும்போது ஒரு நிமிடம் நிறுத்தி, படிவத்தை நிரப்புகிறவர் என்ன செய்யலாம் என்பதையே எழுதிவிடுங்கள். மின்னஞ்சல் முகவரிக் கட்டத்தில் 'இல்லையென்றால் விட்டுவிடலாம்' போதும். மூன்று மொழியில் ஒன்றைச் சுட்டியே ஆக வேண்டும் என்றால் 'ஏதேனும் ஒன்றைக் கட்டாயம் குறிக்கவும்' என்று எழுதுங்கள். முடிவு அலுவலகத்தின் கையில் என்றால் 'அலுவலர் கேட்டால் காட்டவும்' என்று அவரை வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். காப்பீட்டுப் படிவத்தில், 'வேண்டாம் என்று இந்தத் தேதிக்குள் எழுதித் தராவிட்டால் உங்கள் கணக்கில் பிரீமியம் பிடிக்கப்படும்' என்று அந்தத் தேதியோடு, கொட்டை எழுத்தில், கையெழுத்துப் போடும் கோட்டுக்கு மேலேயே வரட்டும். இடம் போதவில்லை என்றால் 'விருப்பத்திற்குட்பட்டது' என்ற பதின்மூன்று எழுத்தை எடுத்துவிடுங்கள். கொஞ்சம் இடம் கிடைக்கும்.